செத்த ராசா டீ கேட்டார்

பதுளைக் கடைத்தெருவில் ரேடியோக் கடை வைத்திருந்த ஸரூக் முதலாளிக்குக் கந்தப்பன் நூற்றைம்பது ரூபாய் கடன். அறுபத்தெட்டாம் வருஷம் நூற்றைம்பது ரூபாய் என்றால் சும்மா இல்லை. இரண்டு ஆள் இரண்டு மாதம் கொழுந்து பறித்தாலும் சாப்பாட்டுச் செலவு போக அவ்வளவு மிஞ்சாது. அது படம் காட்டும் மிஷினுக்கான கடைசித் தவணை. மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பண்டாரவளையில் ஒருத்தன் காசைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மிஷினுக்காகக் காத்திருந்தான்.

கந்தப்பன் சாதாரண ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெரகலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டி, தண்ணீர் ஓடக் கான் வெட்டி, சாக்குத் தூக்கி, கடைசியில் ஒரு படமிஷினுக்குச் சொந்தக்காரனாய் நிமிர்ந்தவன். யாருடைய சிபாரிசும் இல்லை. எட்டாம் வகுப்புப் படித்த தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவே அவனிடம் வந்து, “கந்தப்பன், அடுத்தது என்ன படம்?” என்று கேட்பார். அவன் உடனே பதில் சொல்ல மாட்டான். கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு மலையைப் பார்ப்பான். அதுதான் மரியாதை.

அவன் படம் காட்டுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில். விடியக்காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு மடுவத்தின் ஜன்னல்களில் கொழுந்துச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவான். தொழிற்சாலையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் எடுப்பான். எதிர்ச்சுவரில் வெள்ளைத் துணி. வீட்டுக்கு வீடு காசு வசூலித்துப் படம் முடிந்ததும் கொடுப்பது வீரய்யாவின் பொறுப்பு. வீரய்யா அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவர். அதற்கும் மேலே, கூத்து வாத்தியார். மாசி மாதம் காமன் கூத்தில் இருபது வருஷமாக அவர்தான் காமன். வயிறு தள்ளிவிட்டது, முன்பல் இரண்டு இல்லை, ஆனாலும் அவர்தான் காமன்.

எந்தப் படத்தையும் கந்தப்பன் முன்கூட்டிப் பார்த்ததில்லை. அது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

“டப்பாவத் தூக்கினாலே சொல்லிப்புடுவேன்” என்பான். “அழுகைப் படம் கனக்கும். சண்டைப் படம் லேசா இருக்கும். எத்தன வருசமா தூக்குறேன்!”

அந்தத் தடவை ஸரூக் முதலாளி கொடுத்தனுப்பிய டப்பாக்கள் நன்றாகவே கனத்தன. கூடவே வந்த விளம்பரத் தாளில் கிரீடம் வைத்த ஒரு ராசா, கையில் வாள், பின்னால் குதிரை. படத்தின் பெயர் நீளமாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்து நேரத்தை வீணாக்க அவன் விரும்பவில்லை. ராசா இருக்கிறார், வாள் இருக்கிறது, டப்பா கனக்கிறது. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு லயம் லயமாய்ப் போனான்.

“நாட்டுக்காக உயிரக் குடுத்த மகாராசா கத! அழுகாம வெளிய போறவங்களுக்குக் காசு வாபஸ்! பொம்பளைங்க ரெண்டு முந்தானையோட வாங்க!”

ஞாயிற்றுக்கிழமை மடுவம் நிரம்பி வழிந்தது. தொண்ணூறு ரூபாய் வசூல் என்று வீரய்யா மடியைத் தட்டிக் காட்டினார். கந்தப்பன் வீட்டில் அறுபது சேர்த்து வைத்திருந்தான். அறுபதும் தொண்ணூறும் நூற்றைம்பது. மிஷின் இன்று சாயங்காலமே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு மிஷின் விளக்கைப் போட்டான்.

படம் அருமையாகத் தொடங்கியது. ராசா போருக்குக் கிளம்புகிறார். ராணி காலில் விழுந்து தடுக்கிறாள். ராசா கேட்கவில்லை. நெஞ்சில் ஈட்டி பாய்கிறது. ராசா சாய்கிறார், மண்ணை முத்தமிடுகிறார், கண்ணை மூடுகிறார். மடுவத்தில் மூக்குச் சிந்தும் சத்தம். கருப்பம்மா என்ற கிழவி, போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரிக்கு வாயைத் திறந்துவிட்டாள். கந்தப்பன் பெருமையோடு மிஷினைத் தடவிக் கொடுத்தான்.

அப்போது துணிக்குள்ளிருந்து ஒரு குரல் “கட்!” என்று கத்தியது.

செத்த ராசா எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் இருந்த ஈட்டியைப் பிடுங்கிப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார். “டீ எங்கேடா?” என்று கேட்டார். பிறகு மீசையைப் பிய்த்து எடுத்தார். அதற்கும் பிறகு கிரீடத்தையும் தலைமுடியையும் சேர்த்துக் கழற்றினார். உள்ளே பளபளவென்று வழுக்கை.

கருப்பம்மா வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றுவிட்டது.

“மிசின நிப்பாட்டுடா!” என்று வீரய்யா எழுந்து நின்றார்.

“வாத்தியாரே, கொஞ்சம் பொறுங்க! ரீல் மாறிப் போச்சு!” என்றான் கந்தப்பன்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். பதுளையிலே டப்பாவை அடுக்கிய எவனோ வேறு படத்தின் ரீலை இதற்குள் செருகிவிட்டான் என்பது அவன் முடிவு. அந்த ரீலைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் போட்டான். அதில் இரண்டு பேர் மரக்குதிரையைக் கயிறு கட்டி இழுக்க, ராசா அதன் மேல் உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருந்தார். அதையும் கழற்றி வேறொன்றைப் போட்டான். ராணியும் ராசாவும் காதல் பாட்டுப் பாடினார்கள். பாட்டு நின்றதும் யார் முகம் முன்னால் தெரிய வேண்டும் என்று அடித்துக்கொண்டார்கள். கடைசி ரீலை முதலிலும் முதல் ரீலைக் கடைசியிலும் போட்டுப் பார்த்தான். ராசா இன்னொரு தடவை செத்தார். இன்னொரு தடவை டீ கேட்டார்.

“எத்தன வாட்டிதாண்டா சாவாரு அந்த மனுசன்?” என்று இருட்டில் ஒருவன் கத்தினான்.

“சாகட்டும்ப்பா, எந்திரிக்காம இருந்தாச் சரி!” என்றான் இன்னொருவன்.

ஜன்னல் சாக்குகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜனங்கள் வெளியேறினார்கள். கந்தப்பன் ஓடிப்போய் வீரய்யாவின் முன்னால் நின்றான்.

“வாத்தியாரே, காசு...”

“என்ன காசு?” வீரய்யாவின் முகம் கறுத்திருந்தது. “நம்ம கூத்துல காமன எரிச்ச பொறகு அவன் எப்படிடா எந்திரிக்கிறான்?”

“ரதி அழுவா. அழுதா சாமி மனசு எறங்கி உசுரு குடுக்கும்.”

“இங்க யாரு அழுதா? கருப்பம்மா வாயத் தொறக்கங்காட்டியும் எந்திரிச்சு டீ கேக்குறான்! கூப்புடாம எந்திரிச்ச பொணம் என்னா பண்ணும்னு ஒனக்குத் தெரியாதா? அது கெடக்கட்டும். கையில காப்பு அவுக்காம சபையில வேசத்தக் கலைக்கலாமா? இருவது வருசத்துல நான் ஒருக்கா கலைச்சிருக்கேனா? மூக்கு அரிச்சாக்கூடச் சொறிய மாட்டேன்டா!”

அது உண்மை. வேஷம் கட்டும்போது கையில் மஞ்சள் கயிற்றுக் காப்புக் கட்டுவார்கள். கூத்து முடிந்து, தேங்காய் உடைத்து, காப்பை அவிழ்த்த பிறகுதான் வேஷத்தில் கை வைக்கலாம். சபை பார்க்க வேஷம் கலைந்தால் பார்த்தவர்களுக்கெல்லாம் தோஷம். அன்றைக்கு மடுவத்தில் பார்த்தவர்கள் முந்நூறு பேருக்கு மேல்.

“கூத்து முடியல. முடியாத கூத்துக்குக் கூலி இல்ல” என்று சொல்லிவிட்டு வீரய்யா மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கந்தப்பன் பதுளைக்குப் போனான். ஸரூக் முதலாளி ஒரு ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, ரீல மாத்திக் குடுத்து என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!”

முதலாளி முழுக்கதையையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய தோள் குலுங்கியது. கடைசியில் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அட அல்லாவே! ரீல் ஒண்டும் மாறல்ல கந்தப்பன். அதுதான் படமே! படம் எடுக்கிறவங்களையும் நடிக்கிறவங்களையும் நையாண்டி பண்ற படம். அந்தாள் ராசா இல்ல, ராசாவா நடிக்கிற நடிகன். மௌத்தாகிற மாதிரி நடிச்சிட்டு எழும்புறான். வெளங்குதா?”

“வெளங்குது மொதலாளி. ஆனா அந்த நடிகரு நெசமாவே நடிகருதானா?”

“இல்லப்பா. நடிகனா நடிக்கிற இன்னொரு நடிகன்.”

கந்தப்பன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப ராசாவா நடிக்கிற நடிகரா ஒரு நடிகரு நடிக்கிறாரு.”

“ஓ, அதான்.”

“இத யாரு காசு போட்டு எடுத்தது?”

“சினிமாக்காரங்கதான்.”

“சினிமாக்காரன் காசு போட்டுச் சினிமாக்காரனக் கேலி பண்றானா?” கந்தப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. “நீங்க இந்தக் கடை வாசல்ல, ‘ஸரூக் முதலாளி விக்கிற ரேடியோ பாடாது’ன்னு போர்டு மாட்டி வைப்பீங்களா?”

முதலாளி யோசித்தார். “சிரிக்கிறதுக்குத்தான் மனுசா” என்று மட்டும் சொன்னார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார். “வார ஞாயிறு வரைக்கும் டப்பா உங்களோட இரிக்கட்டும். திங்கக்கிழமை மாசம் முடியுது. காசில்லாட்டி மிஷினக் கொண்டு வாங்க. பண்டாரவளையான் ஒரு நாளைக்கு நாலு தரம் ஆளனுப்புறான். நானும் கடன்பட்டவன்தான், கந்தப்பன்.”

லயத்துக்குத் திரும்பிய கந்தப்பன் தொழிற்சாலை வயரை லயம் வரைக்கும் இழுத்து, கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் வேட்டியைத் தொங்கவிட்டு, பெண்டாட்டி இராக்கம்மாவுக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். இந்தத் தடவை ரீலைச் சரியான வரிசையில் போட்டான். ராசா சாகும் இடத்தில் இராக்கம்மா உச்சுக் கொட்டினாள். டீ கேட்ட இடத்தில் திகைத்தாள். ஆனால் அடுத்த ரீலில் அந்த நடிகர் சாகப் போகும் முன்னால் கண்ணாடி கேட்டு, பவுடர் போட்டு, வயிற்றை எக்கிப் பார்த்து, “வயசு இருபதுதான் தெரியுது, இல்லே?” என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், ரீல் முடிந்தும் நிறுத்தவில்லை.

“என்னா புள்ள சிரிப்பு?”

“இந்தாளு அப்புடியே நம்ம வீரய்யா வாத்தியாருங்க! மாசிக்கு மாசி கண்ணாடிய வச்சிக்கிட்டு இதத்தானே கேப்பாரு!”

கந்தப்பன் இன்னொரு முறை பார்த்தான். அவனுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. வாத்தியாருக்கு வழுக்கை கிடையாது. இந்த ஆளுக்கு முன்பல் இருக்கிறது. எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று குழம்பினான். ஆனால் வேறொரு பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. படத்தில் இராக்கம்மாவுக்கு வாத்தியார் தெரிந்தால் தோட்டத்துக்கே தெரிவார். தோட்டம் சிரித்தால் வாத்தியார் மடியை அவிழ்ப்பாரா?

என்ன ஆனாலும் அந்தத் தொண்ணூறு ரூபாய்க்கு வேறு வழியில்லை. வீரய்யாவைத் தேடிப் போனான். முதலாளி சொன்னதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்கத் தனக்கே புரியவில்லையே என்று வழியெல்லாம் யோசித்தவன், கடைசியில் தெரிந்ததை மட்டும் கேட்டான்.

“வாத்தியாரே, தோசத்துக்குப் பரிகாரம் என்னா? செத்தவனுக்கு அழுது, காப்புக் கட்டி அவுத்து, மொறையாப் போட்டுக் காட்டினா கூத்து முடிஞ்சதா ஒத்துக்குவீங்களா?”

வீரய்யா வெற்றிலையைத் துப்பினார். “காப்ப யாருக்குக் கட்டுவ? அந்தாளு துணிக்குள்ளயில்ல இருக்கான்?”

“மிசினுக்குக் கட்டுவோம். அவரு அதுக்குள்ளருந்துதானே வாராரு.”

அந்த நியாயம் வீரய்யாவுக்குப் பிடித்துவிட்டது. “அழுகைக்கு நல்லையாவக் கூப்புடு” என்றார்.

நல்லையா தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற ஆள். கட்டை மீசை, கனத்த கழுத்து. மாசியில் மீசையை எடுத்துச் சேலை கட்டினால் அவன்தான் ரதி. அவன் அழுதால் கங்காணி வீட்டு நாய்கூட அழும் என்று பெயர் வாங்கியவன். விஷயத்தைக் கேட்டதும் மீசையைத் தடவிக்கொண்டான்.

“மீசய எடுக்கணுமா?”

“இருட்டுதானே, வேணாம்.”

“அப்ப பவுடராவது வேணும். பவுடர் இல்லாம எனக்கு அழுக வராது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடுவம் முன்னைவிட நிறைந்தது. தோஷம் கழிக்காமல் விட யாருக்கும் மனமில்லை. வீரய்யா மிஷினின் கைப்பிடியில் மஞ்சள் கயிறு கட்டித் திருநீறு பூசினார். படம் ஓடியது. ராசா போருக்குப் போனார். ஈட்டி பாய்ந்தது. ராசா கண்ணை மூடினார். விளக்கு எரிய மிஷினை நிறுத்தினால் படம் கருகிவிடும் என்பதால் கந்தப்பன் சட்டென்று விளக்கையும் மிஷினையும் சேர்த்து அணைத்தான். மடுவம் இருண்டது.

நல்லையா தொடங்கினான்.

“மாலை வாடுமுன்னே மண்ணுல சாஞ்சியளே,
மஞ்ச காயுமுன்னே மறந்து போனியளே...”

கருப்பம்மா சேர்ந்துகொண்டாள். போன வாரம் பாதியில் நின்றதற்கும் சேர்த்து அழுதாள். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். சில ஆண்களும் தொண்டையைச் செருமினார்கள். செத்தது ராசாவா, நடிகனா, நடிகனாய் நடித்தவனா என்று கந்தப்பனுக்குத் தெரியவில்லை. யாரென்றே தெரியாமல் அவன் கண்ணிலும் தண்ணீர் வந்தது. நல்லையா நிறுத்துகிறவனாக இல்லை. ராசாவின் பிறப்பு, வளர்ப்பு, பாலூட்டிய சீர் என்று நீட்டிக்கொண்டே போனான்.

“போதும்டா நல்லையா, ராசா நாறிருவாரு” என்று கடைசியில் வீரய்யாவே சொன்னார். “எழுப்பு!”

கந்தப்பன் மிஷினைப் போட்டான். “கட்!” என்றது குரல். ராசா எழுந்து உட்கார்ந்தார். மடுவமே எழுந்து குலவை போட்டது. ராசா, “டீ எங்கேடா?” என்றார்.

“குடுங்கடா டீய! செத்துப் பொழச்ச மனுசன்!” என்று ஒருவன் கத்த, முந்நூறு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே வீரய்யா தேங்காயை உடைத்து மிஷினின் காப்பை அவிழ்த்தார். மீசை போயிற்று, கிரீடம் போயிற்று, வழுக்கை பளபளத்தது. இப்போது யாருக்கும் பயமில்லை. முறைப்படிதானே கலைகிறது! மரக்குதிரையைக் கண்டு உருண்டார்கள். ராசாவுக்குப் பதில் சுவரேறிக் குதிக்கும் ஒல்லிப் பையனைக் கண்டு விசிலடித்தார்கள்.

பிறகு அந்தக் கண்ணாடி வந்தது. நடிகர் பவுடர் போட்டார். வயிற்றை எக்கினார். “வயசு இருபதுதான் தெரியுது, இல்லே?”

மடுவத்தில் சிரிப்பு அடங்கியது. ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலைகளும் வீரய்யா பக்கம் திரும்பின. பின்வரிசையில் இராக்கம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். கந்தப்பன் மிஷினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். போச்சு மிஷின், போச்சு பிழைப்பு, நாளையிலிருந்து மறுபடியும் கவ்வாத்துக் கத்திதான் என்று நினைத்துக்கொண்டான்.

வீரய்யா துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து, சாக்குகளை இறக்கி வெளிச்சம் வந்தபோதும் அசையவில்லை. கந்தப்பன் மெல்ல அருகே போனான்.

“கந்தப்பா, அந்தாளு நம்ம தோட்டத்துக்கு எப்ப வந்தான்?”

“எந்தாளு வாத்தியாரே?”

“கண்ணாடி பாத்தானே, அவன். என் கூத்தப் பாக்காம அப்புடிச் செய்ய முடியுமா? வகுத்த எக்குறது, தலையச் சாய்க்கிறது, எல்லாம் என் புடிதான்! இந்தியாவுலருந்து வந்து, கூட்டத்தோட கூட்டமா நின்னு பாத்துட்டுப் போயிருக்கான், கள்ளப் பய!” அவருடைய முன்பல் இல்லாத வாய் முழுதும் சிரிப்பு. “நம்மள வச்சுப் படமே எடுத்துட்டாங்கடா!”

“இருக்கலாம் வாத்தியாரே” என்றான் கந்தப்பன்.

வீரய்யா மடியை அவிழ்த்துத் தொண்ணூறு ரூபாயைக் கொடுத்தார். பிறகு தனியாக ஒன்றேகால் ரூபாய் எடுத்தார்.

“இது செத்து எந்திரிச்சவனுக்கு. நம்ம மொறைல காமனுக்குக் குடுக்குறது. அவன்கிட்ட சேத்திரு.”

திங்கட்கிழமை காலை கந்தப்பன் டப்பாக்களோடு பதுளை பஸ்ஸில் ஏறினான். ஒன்றேகால் ரூபாய் சட்டைப்பையில் தனியாகக் கிடந்து அவனைக் குடைந்தது. தோஷக் காசு, சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது. ஆனால் யாரிடம் சேர்ப்பது? செத்தவர் ராசா. எழுந்தவன் நடிகன். சம்பளம் வாங்கியவன் இரண்டு பேரும் இல்லாத மூன்றாவது ஆள். வாத்தியார் சொல்வதைப் பார்த்தால் அந்த மூன்றாவது ஆளும் வாத்தியாரைப் பார்த்துத்தான் செய்தானாம். அப்படியானால் காசு வாத்தியாருக்கே அல்லவா திரும்பிப் போக வேண்டும்? பதுளை வந்து சேரும் வரைக்கும் யோசித்தும் முடிவு கிடைக்கவில்லை.

ஸரூக் முதலாளி கையை நீட்டினார். கந்தப்பன் ஒவ்வொரு நோட்டாகத் தடவி, சத்தமாக எண்ணி வைத்தான். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் கேட்கும்படியே எண்ணினான். நூற்றைம்பது சரியாக இருந்தது.

“மிஷின் இனி உங்கடதுதான் கந்தப்பன்” என்றார் முதலாளி. நோட்டுகளைப் பெட்டிக்குள் போட்டார். “அது என்ன, பையில வேற காசு?”

“அது ராசாவுக்கு.”

“எந்த ராசா?”

கந்தப்பன் அந்தக் காசைக் கையில் எடுத்தான். “நீங்க கொழும்புக்குப் போறப்ப படக் கம்பனிக்காரன்கிட்ட கேட்டுப் பாருங்க மொதலாளி. செத்தது யாருன்னு அவங்களுக்காவது தெரியுதான்னு பாப்போம்.”

முதலாளி சிரிக்கப் பார்த்தார். கந்தப்பனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. காலியான கையை மறுபடி நீட்டினார். கந்தப்பன் அதில் ஒரு ரூபாயை வைத்தான். பிறகு, அது உருண்டு விழுந்துவிடாதபடி, இருபத்தைந்து சதத்தை அதன் மேல் வைத்து ஒரு தடவை அழுத்தினான்.